செயற்கைக்கோள் பாதையைக் கணிக்கும் நிரல்: சொந்தமாக எழுத எங்கிருந்து தொடங்குவது?

நிரலி

வணக்கம். செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேல் வரும் என்று சொல்லும் செயலிகள் நிறைய இருக்கின்றன. எனக்கு வேண்டியது இன்னொரு செயலி இல்லை. உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்று புரிந்துகொண்டு, அதை நானே பைத்தானில் எழுத வேண்டும்.

என் திட்டம் இதுதான். செயற்கைக்கோள்களின் பாதைத் தரவை வெளியிடும் செலஸ்டிராக் தளத்திலிருந்து டிஎல்இ தரவை (ஒரு பாதையை இரண்டே வரி எண்களில் சொல்லும் வடிவம்) எடுக்கிறேன். இரண்டாம் வரியிலேயே சாய்வு, ஏறுகணு (பாதை நிலநடுக்கோட்டைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கும் இடம்), மையத்தொலைத்தகவு (நீள்வட்டம் எவ்வளவு நீண்டது என்பது), அண்மைப்புள்ளியின் (பூமிக்கு மிக அருகில் வரும் இடம்) கோணம், சராசரிக் கோணம், ஒரு நாளில் எத்தனை சுற்று என்று ஆறும் இருக்கின்றன. நேரத்திலிருந்து பாதையில் இருக்கும் இடத்தைத் தரும் கெப்ளர் சமன்பாட்டை நியூட்டன் முறையில் தீர்த்தால் இடம் கிடைத்துவிடும். பூமி நடுவில் புடைத்திருப்பதற்கு ஜே2 திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எங்கே தேடினாலும் எஸ்ஜிபி4 என்ற கணிப்பு மாதிரிதான் வருகிறது. அது கட்டாயமா? அதை விட்டுவிட்டு, விசைகளை வைத்துச் சிறு சிறு நேர இடைவெளிகளில் முன்னே கணக்கிடும் ரூங்கே-குட்டா முறையில் நேரடியாகத் தொகையிட்டால் இன்னும் துல்லியமாக வராதா?

பழையகை

நல்ல கேள்வி. இந்தத் துறைக்கு வரும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான். பதில் கொஞ்சம் நீளும்.

டிஎல்இ-யில் இருக்கும் எண்களைப் பார்த்தால் கெப்ளரின் ஆறு உறுப்புகள் போலவே இருக்கும். ஆனால் அவை அந்த நொடியில் செயற்கைக்கோள் இருக்கும் உண்மையான நீள்வட்டத்தைச் சொல்வதில்லை. ராடார், தொலைநோக்கி அவதானிப்புகளை எடுத்து, எஸ்ஜிபி4 மாதிரியோடு பொருத்தி, அந்த மாதிரி சரியான இடத்தைக் காட்ட என்ன எண்கள் வேண்டுமோ அவற்றைத்தான் எழுதி வைக்கிறார்கள். ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்கும் குறுகிய கால ஆட்டங்கள் அதில் சராசரியாக்கி நீக்கப்பட்டிருக்கும். எஸ்ஜிபி4 அவற்றைத் தன் முறைப்படி திரும்பச் சேர்க்கும். வேறு எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் அந்த எண்களுக்கு அர்த்தம் மாறிவிடும்.

எவ்வளவு மாறும் என்று பாருங்கள். தாழ்வான பாதையில் வெறும் கெப்ளர் கணக்குப் போட்டால், தரவு எடுத்த அதே நொடியிலேயே சில கி.மீ. விலகல் இருக்கும். அப்புறம் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஏறுகணு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 5 பாகை மேற்கே நகர்கிறது. ஜே2 இல்லாமல் ஒரு நாள் ஓட்டினால், அது நிலநடுக்கோட்டைக் கடக்கும் இடமே 550 கி.மீ. தள்ளிப்போய்விடும். ஜே2-வின் நீண்டகால விளைவைச் சேர்த்தால் இந்தப் பெரிய பிழை போய்விடும், குறுகிய கால ஆட்டம் அப்படியே நிற்கும்.

ரூங்கே-குட்டா கேள்விக்கும் இதே பதில்தான். டிஎல்இ எண்களை நேராக இடம், வேகம் என்று மாற்றித் தொகையிட்டால், தொடக்கமே தவறு. உங்கள் விசை மாதிரி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அது அந்தத் தவறான தொடக்கத்திலிருந்துதான் நுட்பமாகக் கணக்குப் போடும்.

தரவும் மாதிரியும் ஒரு ஜோடி. பிரிக்கக் கூடாது. உங்கள் நிரலில் மற்ற எதை மாற்றினாலும் இதை மாற்றாதீர்கள்.

விண்தடம்

> நானே பைத்தானில் எழுத வேண்டும்

எதற்கு? பைத்தானில் எஸ்ஜிபி4 லைப்ரரி இருக்கிறது, அதற்கு மேல் ஸ்கைஃபீல்டு இருக்கிறது. ஜாவாவில் ஓரெகிட், உலாவிக்கு சேட்டிலைட்.ஜேஎஸ். எல்லாம் பல வருடங்களாகப் பலர் சோதித்துப் பார்த்தவை. சொந்தமாக எழுதிய எஸ்ஜிபி4-ஐ நம்பி யாரும் ஆன்டெனாவைத் திருப்பக் கூடாது என்பது என் கருத்து. அந்த நேரத்தை அதற்கு மேல் என்ன கட்டலாம் என்பதில் செலவழியுங்கள்.

நிரலி

விண்தடம், வேலைக்காக என்றால் நீங்கள் சொல்வது சரி. நான் கற்றுக்கொள்வதற்காகக் கேட்கிறேன். லைப்ரரியை அழைத்தால் மூன்று எண்கள் வந்து விழுகின்றன. அந்த மூன்று எண்களும் எந்த அச்சில் இருக்கின்றன என்பதுகூட எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பழையகை

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எஸ்ஜிபி4-இன் கதையே இதற்கு ஆதாரம். 1980-இல் ஹூட்ஸும் ரோரிக்கும் ஸ்பேஸ்டிராக் அறிக்கை 3-ஐ வெளியிட்டார்கள். சூத்திரங்களோடு ஃபோர்ட்ரான் நிரலும் அதிலேயே அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து ஆளாளுக்குத் தட்டெழுதி, திருத்தி, வேறு மொழிகளுக்கு மாற்றி, கடைசியில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல பிரதிகள் உலவின. 2006-இல் வல்லாடோ, கிராஃபோர்டு, ஹுஜ்சாக், கெல்சோ நால்வரும் அவற்றை ஒழுங்குபடுத்தி, சோதனைத் தரவுகளோடு புதிய நிரலை வெளியிட்டார்கள். இன்றைய லைப்ரரிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவைதான்.

அதனால் எழுதுங்கள், ஆனால் அந்தச் சோதனைத் தரவை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதில் முதலில் வருவது வேன்கார்டு 1. 1958 மார்ச்சில் ஏவப்பட்டது, பட்டியல் எண் 5. அதன் வரிகள் இவை (வகையையும் ஏவல் துண்டையும் குறிக்கும் எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டேன்):

முதல் வரி: 1 00005 58002 00179.78495062 .00000023 00000-0 28098-4 0 4753
இரண்டாம் வரி: 2 00005 34.2682 348.7242 1859667 331.7664 19.3264 10.82419157413667

இந்த இரண்டு வரிகளிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. இரண்டாம் வரியின் கடைசித் துண்டைப் பாருங்கள். 10.82419157 வரைதான் ஒரு நாளின் சுற்றுகள். 41366 என்பது சுற்று எண். கடைசி 7 சரிபார்ப்பு இலக்கம். மூன்றும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கின்றன. இடைவெளியை வைத்து வெட்டினால் 10.82419157413667 என்ற எண் கிடைக்கும். அது கிட்டத்தட்ட சரியாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாது. டிஎல்இ-யை எப்போதும் பத்தி எண்ணை வைத்தே வெட்ட வேண்டும். உண்மையான வரி 69 எழுத்து நீளம், ஒவ்வொரு புலத்துக்கும் இடம் நிலையானது.

1859667-க்கு முன்னால் புள்ளி எழுதப்படவில்லை, அது 0.1859667. 28098-4 என்றால் 0.28098-ஐப் பத்தாயிரத்தால் வகுக்க வேண்டும். 00179.78495062 என்பது 2000-ஆம் ஆண்டின் 179-ஆவது நாள். ஜனவரி 1-ஐ நாள் 0 என்று எண்ணாதீர்கள், அது நாள் 1. அப்படியானால் இது 2000 ஜூன் 27, உலக நேரம் 18 மணி 50 நிமிடம் 19.73 நொடி. ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இருக்கிறது: 57 முதல் 99 வரை இருந்தால் 1900-கள், 00 முதல் 56 வரை இருந்தால் 2000-கள்.

சரிபார்ப்பு: வரியின் எல்லா இலக்கங்களையும் கூட்டுங்கள், கழித்தல் குறிக்கு 1 சேருங்கள், எழுத்துகளுக்கும் புள்ளிக்கும் ஒன்றும் இல்லை. முதல் வரிக்குக் கடைசி இலக்கம் நீங்கலாக 133 வரும். பத்தால் வகுத்தால் மீதி 3, வரியும் 3-இல் முடிகிறது.

உங்கள் நிரல் எபோக் நேரத்தில் (டிஎல்இ எந்த நொடிக்கு எழுதப்பட்டதோ அந்த நேரம்) தர வேண்டிய இடம், கி.மீ.யில்: 7022.46529266, -1400.08296755, 0.03995155. கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும், "கிட்டத்தட்ட" போதாது.

இன்னொன்று. புவியின் அளவு, ஈர்ப்பு போன்ற மாறிலிகளுக்குப் புதிய டபிள்யூஜிஎஸ்-84 தரநிலையின் மதிப்புகளைப் போட ஆசை வரும். வேண்டாம். எஸ்ஜிபி4-க்குள் டபிள்யூஜிஎஸ்-72 தான், புவி ஆரம் 6378.135. தரவைப் பொருத்தியவர்கள் அதை வைத்துத்தான் பொருத்தினார்கள். முன்னே சொன்ன ஜோடி விதி இங்கேயும் உண்டு.

குறுஞ்சில்லு

இதே கணக்கை ஆர்டுயினோ யூனோவில் ஓட்டி, சின்ன ஆன்டெனாவைத் திருப்பப் பார்க்கிறேன். கணினியில் சரியாக வரும் நிரல் சில்லில் ஏறியதும் தாறுமாறாகப் போகிறது. நேரத்தை ஜூலியன் நாளாக (நாட்களை ஒரே தொடர் எண்ணாக எண்ணும் முறை), டபுள் என்ற தசம எண் வகையில்தான் வைத்திருக்கிறேன். காரணம் என்னவாக இருக்கும்?

படிப்படி

காரணம் அந்த டபுளேதான். ஏவிஆர் சில்லு உள்ள யூனோவில் டபுள் என்று அறிவித்தாலும் கிடைப்பது துல்லியம் குறைந்த 32 பிட் ஃப்ளோட். ஜூலியன் நாள் 24 லட்சத்துக்கு மேல் இருக்கும். அந்த அளவில் 32 பிட் எண்ணுக்கு அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே இடைவெளி 0.25 நாள், அதாவது 6 மணி நேரம்! உங்கள் கடிகாரம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் நகர்கிறது.

நேரத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். முழு நாளை ஒரு முழு எண்ணிலும், நாளுக்குள்ளான நொடிகளை இன்னொன்றிலும். எபோக்கிலிருந்து எத்தனை நிமிடம் என்பதை அவற்றைத் தனித்தனியாகக் கழித்துக் கண்டுபிடியுங்கள். அப்படிச் செய்தாலும் 32 பிட்டில் எஸ்ஜிபி4 முழுத் துல்லியத்தோடு வராது. அகலமான கற்றை உள்ள ஆன்டெனாவுக்கு அது போதலாம். முடிந்தால் 64 பிட் டபுளை ஆதரிக்கும் சில்லுக்கு மாறுங்கள், இல்லையென்றால் கணினியில் கணக்கிட்டு அட்டவணையை மட்டும் சில்லுக்கு அனுப்புங்கள்.

64 பிட்டிலேயே ஜூலியன் நாளை ஒரே எண்ணாக வைத்தால் நுணுக்கம் 40 மைக்ரோநொடி அளவுதான். நொடிக்கு 7.6 கி.மீ. ஓடும் பொருளுக்கு அது 30 செ.மீ. எஸ்ஜிபி4-க்கு இது பொருட்டில்லை. துல்லியமான எண்முறைக் கணக்குக்குப் போனால் அங்கேயும் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

நிரலி

எபோக் நேரம் வரைக்கும் புரிந்தது. இப்போது என் பழைய கேள்வி. வந்து விழும் எக்ஸ், ஒய், இசட் எந்த அச்சில்?

பழையகை

டீம் (டிஇஎம்இ) அச்சு என்று சொல்வார்கள். அன்றைய உண்மையான நிலநடுக்கோட்டுத் தளம், ஆனால் சராசரி மேட முதற்புள்ளியை (மார்ச்சில் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் திசை) நோக்கிய அச்சு. விண்மீன்களோடு சேர்ந்து நிற்கும், பூமியோடு சுற்றாது. எஸ்ஜிபி4 தவிர வேறு எங்கும் இதை அதிகம் பார்க்க மாட்டீர்கள். இதை 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தின் திசைகளில் நிலைநிறுத்திய ஜே2000 அச்சு என்று எடுத்துக்கொண்டு மற்ற கருவிகளோடு ஒப்பிட்டால் பத்துக் கி.மீ. கணக்கில் வித்தியாசம் வரும். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் வருவது அது.

பூமியோடு சுற்றும் அச்சுக்கு மாற்ற, இசட் அச்சைச் சுற்றி கிரீன்விச் நட்சத்திர நேரத்தின் (விண்மீன்களைப் பொறுத்துப் பூமி திரும்பியிருக்கும் கோணம்) அளவுக்குத் திருப்புங்கள். அப்புறம் அட்சரேகை, தீர்க்கரேகை. இங்கே பூமியைக் கோளம் என்று வைக்காதீர்கள். வரைபடத்தில் இருக்கும் அட்சரேகைக்கும் பூமியின் மையத்திலிருந்து அளக்கும் அட்சரேகைக்கும் 45 பாகையில் 0.19 பாகை வித்தியாசம், தரையில் 21 கி.மீ. இந்தக் கட்டத்தில் டபிள்யூஜிஎஸ்-84 நீள்வட்டகம்தான் சரி, ஏனென்றால் உங்கள் ஜிபிஎஸ் தரும் இடம் அதில்தான் இருக்கிறது.

அலைவரிசை

நான் வானொலிக்காரன். நடைமுறையில் பார்த்ததைச் சேர்க்கிறேன்.

முதலில் கடிகாரம். கணினியின் கடிகாரம் ஒரு நொடி பிந்தியிருந்தால் செயற்கைக்கோளை ஏழரைக் கி.மீ. பின்னால் தேடுகிறீர்கள். உள்ளூர் நேரம் நிரலுக்குள் நுழையவே கூடாது. உள்ளே முழுக்க உலக நேரம், திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள்.

கடந்துபோகும் நேரங்களைத் தேட, நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றக்கோணத்தை (தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகை) பாருங்கள். எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறும் இடத்தில் இருசமக் கூறிடலால் (இடைவெளியைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கும் முறை) உதயத்தைத் துல்லியமாக்குங்கள், மறைவுக்கும் அப்படியே. தாழ்வான பாதையில் நல்ல கடப்பு பத்து நிமிடம் ஓடும். ஆனால் தொடுவானத்தை உரசிக்கொண்டு போகும் கடப்பு ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடியலாம், பெரிய தாவலில் அது விட்டுப்போகும். ஏற்றக்கோணத்தின் உச்சங்களையும் தேடினால் அவை சிக்கும்.

டாப்ளர் கணக்கு, அதாவது வேகத்தால் அதிர்வெண் எவ்வளவு நகரும் என்பது, சுலபம். உங்களை நோக்கிய வேகத்தை ஒளிவேகத்தால் வகுத்து அதிர்வெண்ணால் பெருக்குங்கள். 145 மெகாஹெர்ட்சில் 3.5 கிலோஹெர்ட்சு வரை, 437-இல் 10 கிலோஹெர்ட்சு வரை நகரும். உங்கள் தரை நிலையத்தின் சொந்த வேகத்தை, அதாவது பூமியின் சுழற்சியை, கழிக்க மறக்காதீர்கள்.

இதைத் திருப்பிப் போட்டால்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1957-இல் ஸ்புட்னிக் போனபோது கையரும் வைஃபன்பாகும் அதன் சிக்னலின் டாப்ளர் வளைவை மட்டும் வைத்துப் பாதையைக் கண்டுபிடித்தார்கள். டிரான்சிட் வழிகாட்டி அமைப்பு அந்த யோசனையிலிருந்து வந்தது. இன்றைக்கும் ஒரே ராக்கெட்டில் பல கியூப்சாட்கள் (சின்னக் கனசதுரச் செயற்கைக்கோள்கள்) போய், எது எது என்று பட்டியலில் பெயர் ஏறாத நாட்களில், தரையில் பதிவான டாப்ளர் வளைவை ஒவ்வொரு டிஎல்இ-யோடும் ஒப்பிட்டுத்தான் "இது நம்முடையது" என்று கண்டுபிடிக்கிறோம். நிரலி, கணிப்பு முடிந்ததும் இதை எழுதிப் பாருங்கள். மீச்சிறு வர்க்க முறை (பிழைகளின் வர்க்கத் தொகையைக் குறைத்துப் பொருத்துவது) கைவந்துவிடும்.

நிரலி

கட்டாயம் செய்கிறேன். ஒரு டிஎல்இ-யை எத்தனை நாள் நம்பலாம்? பழைய தரவை வைத்து ஒரு மாதம் கழித்து வரும் கடப்பைச் சொல்ல முடியுமா?

படிப்படி

தாழ்வான பாதைக்கு முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எபோக்கில் ஒரு கி.மீ. அளவு பிழை, அதற்கப்புறம் நாளுக்கு ஒன்று முதல் மூன்று கி.மீ. வரை கூடும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பெரும்பகுதி பாதையின் திசையிலேயே சேரும். அதாவது செயற்கைக்கோள் சரியான தடத்தில்தான் வரும், நேரம்தான் முன்பின் ஆகும்.

முக்கியமான காரணம் காற்று. 400 கி.மீ. உயரத்திலும் மிச்சம் இருக்கும் காற்றின் அடர்த்தி சூரியனைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை, ஒரு மிதமான புவிகாந்தப் புயலில் மேல் வளிமண்டலம் சூடாகி உப்பியதால் பாதை உயர முடியாமல் விழுந்தன. சூரியன் நாளைக்கு என்ன செய்யும் என்பதைச் சூத்திரத்தால் சொல்ல முடியாது. எஸ்ஜிபி4-இல் காற்றுக்கு இருப்பது பி-ஸ்டார் என்ற ஒரே எண். பொருத்தும்போது மிஞ்சும் மற்ற பிழைகளும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். சில சமயம் எதிர்மறையாகக்கூட வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் உந்துதல். விண்வெளி நிலையம் எஞ்சினை எரித்துப் பாதையை உயர்த்தினால் பழைய டிஎல்இ அன்றே செல்லாது.

இந்தப் பிழையின் கனம் புரிய 2009 பிப்ரவரி 10-ஐப் பாருங்கள். இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் சுமார் 790 கி.மீ. உயரத்தில் மோதின. பொதுவில் கிடைத்த டிஎல்இ-களை வைத்துச் செய்த அன்றைய கணிப்பு, இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் கடக்கும் என்றது. அன்றைய பட்டியலில் அதைவிட நெருங்கும் ஜோடிகள் நிறைய இருந்தன. நிரலில் பிழை இல்லை. பிழை ஒரு கி.மீ. இருக்கும்போது 584 மீட்டருக்கும் பூஜ்யத்துக்கும் இடையே வித்தியாசம் காட்ட அந்தத் தரவால் முடியாது, அவ்வளவுதான். அதனால் உங்கள் நிரல் எட்டுத் தசம இடங்களை அச்சிடட்டும், பக்கத்திலேயே எபோக்கின் வயதையும் அச்சிடட்டும். அந்த இரண்டாவது எண்ணைக் காட்டாத நிரலை நான் பயன்படுத்துவதில்லை.

விண்தடம்

இதை ஒப்புக்கொள்கிறேன். லைப்ரரி எதுவாக இருந்தாலும் எபோக்கின் வயதைக் கேட்டு வாங்கிக் காட்டுவது நம் வேலைதான்.

சேர்க்க ஒன்று இருக்கிறது. டிஎல்இ-யில் பட்டியல் எண்ணுக்கு ஐந்து இடம்தான், 99999-க்கு மேல் போகாது. முதல் இலக்கத்துக்குப் பதில் எழுத்து வைக்கும் ஆல்ஃபா-5 முறையில் 339999 வரை நீட்டலாம். அது ஒட்டுவேலைதான். புதிதாக எழுதுபவர் ஓஎம்எம் என்ற புதிய தரவு வடிவத்தை ஜேசனாகவோ சிஎஸ்வி-யாகவோ படியுங்கள். அதே எண்கள்தான், பெயரோடு வரும், நாலு இலக்க ஆண்டோடு வரும். பத்தி எண்ணி வெட்டும் வேலையே இல்லை. இறக்கிய தரவைச் சேமித்து வையுங்கள், நிரல் ஓடும் ஒவ்வொரு தடவையும் தளத்தைத் தட்டாதீர்கள்.

நிரலி

ரூங்கே-குட்டாவை விட மனசில்லை. அதற்கு எப்போது இடம்?

படிப்படி

உங்களிடம் உண்மையான இடமும் வேகமும் இருக்கும்போது. செயற்கைக்கோளில் இருக்கும் ஜிபிஎஸ் தந்த நிலை, அல்லது இயக்குபவர்கள் வெளியிடும் துல்லியப் பாதை அட்டவணை. அப்போது புவியீர்ப்பு, ஜே2, காற்று, நிலா, சூரியன் என்று விசைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

முதலில் மிக எளிய ஆய்லர் முறையை வேண்டுமென்றே போட்டுப் பாருங்கள். 10 நொடித் தாவலில் (கணக்கின் நேர இடைவெளி) ஒரே சுற்றுக்குள் பாதை நூற்றுக்கணக்கான கி.மீ. மேலே ஏறிவிடும், ஆற்றல் எங்கிருந்தோ கொட்டும். அதே தாவலில் நாலாம் படி ரூங்கே-குட்டா ஒரு நாள் முழுக்க மீட்டர் அளவுக்குள் நிற்கும். காற்றைச் சேர்க்கும் முன் இரண்டு அளவுகளை அச்சிட்டுக்கொண்டே வாருங்கள்: ஜே2 சேர்த்த மொத்த ஆற்றல், கோண உந்தத்தின் இசட் கூறு. புவியீர்ப்பும் ஜே2-வும் மட்டும் இருக்கும்வரை இரண்டும் மாறக் கூடாது. மாறினால் முடுக்கத்தின் சூத்திரத்தில் ஏதோ குறி தவறு, அல்லது தாவல் பெரிது. தாவலைப் பாதியாக்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

நீண்ட நீள்வட்டமாக இருந்தால் நிலையான தாவல் வேண்டாம். அண்மைப்புள்ளியில் வேகம் அதிகம், அங்கே தாவல் சுருங்க வேண்டும். தாவலைத் தானே மாற்றிக்கொள்ளும் டோர்மண்ட்-பிரின்ஸ் முறை பைத்தானின் சைபை லைப்ரரியிலேயே இருக்கிறது.

நிரலி

வேன்கார்டு 1-ஐ ஓட்டிவிட்டேன். எபோக் நேரத்தில் மூன்று எண்களும் எட்டுத் தசம இடம் வரை பழையகை கொடுத்தவையே வருகின்றன! இனி மற்ற செயற்கைக்கோள்களுக்குப் போகலாமா?

பழையகை

வாழ்த்துகள், நல்ல தொடக்கம். இன்னும் போகாதீர்கள். எபோக்கில் நேரம் பூஜ்யம், ஆகவே காற்று இழுவை, ஏறுகணு நகர்வு என்று நேரத்தால் பெருகும் உறுப்புகள் எல்லாம் பூஜ்யமாகியிருக்கும். அவற்றில் என்ன தவறு இருந்தாலும் இந்தச் சோதனையில் தெரியாது. 360 நிமிடத்துக்கு ஓட்டுங்கள். -7154.03120202, -3783.17682504, -3536.19412294 வர வேண்டும். அதே சோதனைக் கோப்பு 4320 நிமிடம் வரை போகிறது, முழுவதையும் ஒப்பிடுங்கள்.

அது முடிந்தால் சுற்றுக்காலம் 225 நிமிடத்துக்கு மேல் உள்ளவை. அங்கே நிரல் வேறு கிளைக்குப் போகும். சூரியன், நிலாவின் ஈர்ப்பும், 12 மணி, 24 மணிப் பாதைகளுக்கான ஒத்திசைவும் (பூமியின் சுழற்சியோடு பாதை ஒத்துப்போவதால் வரும் விளைவு) சேரும். வேன்கார்டின் சுற்றுக்காலம் 133 நிமிடம்தான், அதனால் அந்தக் கிளையை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. 12 மணிப் பாதையில் ஒன்று, புவிநிலைப் பாதையில் ஒன்று என்று சோதனைக் கோப்பிலிருந்தே எடுத்து ஓட்டிவிட்டு, எந்த நிமிடத்தில் எந்த இலக்கத்தில் முதல் வித்தியாசம் வருகிறது என்று இங்கே போடுங்கள். அதை வைத்தே எந்த உறுப்பில் பிழை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.